பீரங்கி இழுத்த கைகள்

1915 ஜூலை 11இல், கிழக்காபிரிக்காவின் ருபிஜி ஆற்று முகத்துவாரத்தில், பிரித்தானியத் தாக்குதலால் சிதைந்த 'கோனிக்ஸ்பேர்க்' எனும் ஜேர்மன் போர்க்கப்பலை அதன் மாலுமிகளே மூழ்கடித்தனர். அதன் 10.5 சென்ரிமீற்றர் பீரங்கிகள் பத்தும் மீட்கப்பட்டன. பெருங்கப்பல்களின் 30.5 சென்ரிமீற்றர் பீரங்கிகளுக்கு முன் இவை சிறியவை; தரைப்போரிலோ இவையே பெரும்பலம். தார் எஸ் சலாமில் இவற்றுக்குச் சில்லுகள் பூட்டப்பெற்றன.

காட்டிலும் சேற்றிலும் இவற்றை இழுத்தவர் யாவர் என நாம் கேட்டல் வேண்டும். ஒவ்வொன்றையும் நூற்றுக்கணக்கான ஆபிரிக்கத் தொழிலாளர் இழுத்தனர். எதிரணியிலும் சுமை காவியவர் ஆபிரிக்கரே. பிரித்தானியரின் சுமைகாவிகளில் மட்டும் 90,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் நோயாலும் பசியாலும் மாண்டவர்கள். ஏகாதிபத்தியங்கள் இரண்டு பொருத, கூலி கொடுத்தது மூன்றாமவன் உயிர்.

அப்பீரங்கிகளுள் ஒன்று மொம்பாசாக் கோட்டையிலும் மற்றொன்று பிரிட்டோரியாவிலும் காட்சிக்கு நிற்கின்றன. அவற்றை இழுத்தவர்தம் வரலாற்றை மாணவருக்குக் கற்பிப்பது நம் கடன்.