பீரங்கிகளுக்கு நடுவே ஒரு கிறிஸ்துமஸ் - சென்னை, 1758

போர்க்களத்தில் கிறிஸ்துமஸ் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 1914தான். முதல் உலகப் போரில், மேற்குப் போர்முனையின் பல இடங்களில் ஆங்கிலேய, ஜெர்மானியச் சிப்பாய்கள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கைகுலுக்கிக் கொண்டார்கள். நம் நாட்டுக் கார்வால் ரைபிள்ஸ் வீரர்களும் அதில் இருந்தார்கள். இதை வைத்துக் கதைகள் வந்தன, 2005ல் ஒரு பிரெஞ்சுப் படமும் வந்தது. இவற்றைப் படித்தால், இரு தரப்பும் ஒரே சாமியைக் கும்பிட்டால் பண்டிகை நாளில் போர் தானாக நின்றுவிடும் என்று தோன்றும்.

உண்மையில் அப்படியா? பதில் நம் சென்னையிலேயே இருக்கிறது.

1758 டிசம்பர் 14. லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை கறுப்பர் நகரத்துக்குள் நுழைந்தது (இன்றைய உயர் நீதிமன்ற வளாகம் இருக்கும் பகுதி). சம்பளப் பாக்கியில் இருந்த சிப்பாய்கள் வீடுகளைச் சூறையாடினார்கள், கிடைத்த சாராயத்தைக் குடித்துத் தீர்த்தார்கள். அன்றே கோட்டையிலிருந்து டிரேப்பர் சுமார் 600 பேருடன் பாய்ந்து வந்து தாக்கினார். ஒவ்வொரு தரப்பும் சுமார் 200 பேரை இழந்தது.

அடுத்த 11 நாளில் கிறிஸ்துமஸ்!

இங்கே ஒரு சுவையான விஷயம். பிரெஞ்சுக்காரர்கள் 1746ல் சென்னையைப் பிடித்தபோது, இரு நாட்டுக் காலண்டருக்கும் 11 நாள் வித்தியாசம் இருந்தது. 1752ல் இங்கிலாந்தும் புதிய காலண்டருக்கு மாறிவிட்டது. ஆக, 1758ல் கோட்டைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே நாளில் பண்டிகை. ஆனாலும் பதுங்கு குழி வெட்டும் வேலை நடந்துகொண்டேதான் இருந்தது. பெரிய பீரங்கிகள் வந்து சேரத்தான் தாமதம். 1759 ஜனவரி 2ல் அவை முழங்கத் தொடங்கின. பிப்ரவரி 16ல் ஆங்கிலேயக் கப்பல்கள் தென்பட்ட பிறகுதான் முற்றுகை விலகியது.

அதே டிசம்பரில், வடக்கே சுமார் 55 கிலோமீட்டரில் இருக்கும் பழவேற்காட்டில் அமைதி! காரணம் பக்தி அல்ல. அங்கே கெல்டிரியா கோட்டை டச்சுக்காரர்களிடம் இருந்தது, அந்தப் போரில் ஹாலந்து நடுநிலை நாடு. 1781ல் அந்த நடுநிலை போனதும் அதே ஆங்கிலேயர்கள் வந்து பழவேற்காட்டையும் பிடித்துக்கொண்டார்கள். அங்கேயும் இரு தரப்பும் கிறிஸ்தவர்கள்தான்.

டூப்ளே காலத்துப் புதுச்சேரியை வைத்துப் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று அருமையான நாவல்கள் தந்தார். லாலியின் முற்றுகையும் அப்படி எழுதப்பட வேண்டிய கதை. ஆனால் அதை யார் கண்ணால் சொல்வது? கோட்டைக்குள் இருந்த சுமார் 2,200 இந்தியச் சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு அது பண்டிகையே இல்லை. வீட்டைப் பறிகொடுத்த கறுப்பர் நகரத்து மக்கள் எந்தத் தரப்பும் இல்லை. துறைமுகம் இல்லாத அந்தக் கரையில், மசூலாப் படகும் கட்டுமரமும் ஓட்டிய மீனவர்கள் இல்லாமல் கப்பலிலிருந்து ஒரு மூட்டை கூட இறங்கியிருக்காது. லாலி, டிரேப்பர் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. இவர்கள் பெயர்கள் இல்லை. சரித்திரக் கதை எழுதுபவர்களுக்கு வேலை இருப்பது அங்கேதான்.

அடுத்த முறை பழவேற்காட்டுக்குப் போனால், ஏரியில் படகுச் சவாரியோடு திரும்பிவிடாதீர்கள். புதர் மண்டிக் கிடக்கும் அந்தக் கோட்டை இருந்த இடத்தையும், டச்சுக் கல்லறைகளையும் ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்.