மாணவன் வழியே வந்த மானியம்

ஐக்கிய அமெரிக்காவின் அரசியற்றிட்டத்திற் கல்வி என்னுஞ் சொல் ஓரிடத்தேனும் வருதலில்லை. கல்வி மாநிலங்களின் பொறுப்பு என்பதே அங்கு வழங்கும் கொள்கை. ஆயினும், அந்நாட்டுக் கல்லூரிகளின் வரலாற்றைச் சமஷ்டி அரசாங்கத்தின் சட்டங்களை விடுத்து எழுதுதல் இயலாது.

அவற்றுள் முன்னோடியாயது மொறில் என்பார் கொணர்ந்த காணிக்கொடைச் சட்டமாகும். 1859இல் சனாதிபதி புக்கானன் அதனை மறுத்தொதுக்கினார். உள்நாட்டுப் போர் மூண்டு தென்மாநிலப் பிரதிநிதிகள் விலகிய பின், 1862இல் லிங்கன் அதற்கு ஒப்பமிட்டார். காங்கிரசு உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் மாநிலங்கள் காணி பெற்றன. அதனை விற்ற முதலைக்கொண்டு உழவும் பொறிநுட்பமும் கற்பிக்குங் கல்லூரிகள் எழுந்தன. அக்காணிகள் பழங்குடி மக்களிடமிருந்து கவரப்பட்டவை என்பதை இச்சட்டத்தைப் புகழ்வோர் பெரும்பாலும் கூறுவதில்லை.

இக்கொடை கல்லூரிக்கே உரியது. மாணவன் கையிற் பணத்தைச் சேர்த்த பெருமாற்றம் 1944ஆம் ஆண்டின் போர்வீரர் சட்டத்தால் நிகழ்ந்தது. மீண்டு வருவோர் வேலையின்றி அலைவரோ என்னும் அச்சமே அதனைத் தூண்டியது, கல்விப்பற்று இரண்டாவதே. ஆண்டொன்றுக்கு 500 டொலர் வரை கட்டணமும், மாதந்தோறும் வாழ்க்கைப்படியுங் கிடைத்தன. தகுதியற்றோர் திரண்டு கல்லூரிகளைக் கெடுப்பர் எனச் சிக்காகோப் பல்கலைக்கழகத் தலைவர் ஹச்சின்ஸ் அஞ்சினார். அவரது அச்சம் பொய்த்தது. ஏறத்தாழ 22 இலட்சம் வீரர் உயர்கல்வி பெற்றனர். எனினும், தெற்கிலே வெள்ளையர் கல்லூரிகளின் கதவு கறுப்பின வீரருக்குத் திறக்கவில்லை.

1957இல் சோவியத் நாடு விண்ணில் ஏவிய ஸ்புட்னிக் மற்றோர் அச்சத்தை விளைத்தது. அடுத்த ஆண்டே தேசப் பாதுகாப்பின் பெயராற் கல்விக்கடன் சட்டம் பிறந்தது. கடன் பெறும் மாணவன் அரசைக் கவிழ்க்கும் இயக்கங்களோடு தனக்குத் தொடர்பில்லை எனச் சத்தியஞ் செய்தல் வேண்டும் என்றது அது. ஹாவார்ட், யேல் முதலியன அதனை ஏற்காது விலகின; 1962இல் அந்நிபந்தனை நீக்கப்பட்டது.

1965இல் ஜோன்சன் தாம் பயின்ற தெக்சாசுக் கல்லூரியிலேயே உயர்கல்விச் சட்டத்துக்கு ஒப்பமிட்டார். நன்கொடை, வங்கிக்கடனுக்கு அரசின் பிணை, உழைத்துக் கற்றல் என்பன அதனுள் அடங்கின. பின்னர் 1972இற் பெரும் வாதம் எழுந்தது. பணத்தைக் கல்லூரிகளுக்கே தரவேண்டும் என்றனர் கல்லூரிச் சங்கத்தாரும் ஈடித் கிறீன் அம்மையாரும். வறிய மாணவனுக்கே தருக என்றார் செனற்றர் பெல். பெல்லின் கட்சியே வென்றது. 1,400 டொலரை உச்சமாகக் கொண்டு குடும்ப வருவாய்க்கேற்பக் கொடை வகுக்கப்பட்டது. ஏழை மாணவன் இதனால் கல்லூரிகள் விரும்பி வரவேற்கத்தக்கவன் ஆனான். ஆயின், கல்லூரிச் செலவு ஏறிய வேகத்திற் கொடை ஏறவில்லை. அவ்விடைவெளியைக் கடனே நிரப்பியது. இன்று அந்நாட்டு மாணவர் சமஷ்டி அரசுக்குப் பட்ட கடன் ஒன்றரை இலட்சம் கோடி டொலருக்கும் மேற்பட்டது.

மாணவன் வழியே வரும் பணம் கல்லூரியைக் கட்டுப்படுத்துமா? பென்சில்வேனியாவிலுள்ள குறோவ் சிற்றிக் கல்லூரி அரசின் நேர்முக உதவி எதனையும் ஏலாதது. ஆதலால், ஆண் பெண் வேற்றுமையை விலக்கும் 1972ஆம் ஆண்டு விதிக்கு உடன்படுவதாக எழுதிக்கொடுக்க மறுத்தது. மாணவன் பெற்ற கொடையுங் கல்லூரி பெற்றதேயென 1984இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஆயினும், விதி நிதியுதவிப் பகுதியை மாத்திரமே பிணிக்கும் என்றது. 1988இற் காங்கிரசு, றேகனின் மறுப்பையும் மீறி, அதனைக் கல்லூரி முழுவதற்கும் விரித்தது. அக்கல்லூரியோ பெல் கொடைத் திட்டத்தினின்று விலகி, தன் மாணவருக்குத் தனியார் நிதியைத் தேடிக்கொண்டது.