கித்துல்கலையில் எழுந்த பாலம்

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் ஏறிச் செல்லும் வீதியில், மலைநாட்டின் வாயிலில் அமைந்திருப்பது கித்துல்கல என்னும் சிற்றூர். அதனை ஒட்டி ஓடுகிறது களனி கங்கை. ஹட்டனையும் மஸ்கெலியாவையும் சூழ்ந்த தேயிலை மலைகளின் நீரைக் கொண்டு இறங்கும் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் ஒன்றுகூடியே களனியாகின்றன. உலகப் புகழ்பெற்ற போர்த் திரைப்படம் ஒன்று இந்த ஆற்றங்கரையிலேதான் உருவாயிற்று. டேவிட் லீன் இயக்கி, 1957ஆம் ஆண்டில் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்பதே அது.

போர்ப் படங்களில் ஆர்வமுள்ள ஒருவர், எதை முதலிற் பார்க்கலாம் என்று கேட்பாராயின், இப்படத்தையே சுட்டிக் காட்டுதல் பொருந்தும். இதிலே வெடிச்சத்தம் குறைவு, மனப்போராட்டம் மிகுதி. யப்பானியரின் சிறைமுகாம் ஒன்றில் பிரித்தானியப் போர்க் கைதிகள் அடைபட்டிருக்கின்றனர். அதிகாரிகளும் உடலுழைப்புச் செய்யவேண்டுமென்று முகாம்தலைவன் கட்டளையிட, கேணல் நிக்கல்சன் ஜெனீவா உடன்படிக்கையைக் காட்டி மறுக்கிறார். கொடிய தண்டனையைத் தாங்கி இறுதியில் வெற்றியும் பெறுகிறார். ஆனால் அதன்பின் தம் படையினரின் பெருமையை நாட்டுவதற்காகப் பகைவருக்கே உறுதியான பாலமொன்றைக் கட்டிக் கொடுக்க முனைகிறார். கடமைப்பற்று எந்த இடத்தில் பேதைமையாக மாறுகிறது என்பதே படம் எழுப்பும் வினா. நிக்கல்சனாக நடித்த அலெக் கின்னஸின் நடிப்பு மறக்கற்பாலதன்று. படம் 7 ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது.

கதை நிகழும் இடம் சயாம். படம் பிடிக்கப்பட்ட இடமோ இலங்கை. களனியின் குறுக்கே ஏறத்தாழ 425 அடி நீளமும் 90 அடி உயரமும் கொண்ட மரப்பாலம் ஒன்று மெய்யாகவே கட்டப்பட்டது. மரங்களை இழுப்பதற்கு யானைகள் உதவின. 1957ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், புகையிரதம் ஒன்று அதன்மீது செல்லும்போது பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. முதல் முயற்சி தவறிற்று. வெடி வெடிக்காமலே வண்டி பாலத்தைக் கடந்து சென்றுவிட்டது. மறுமுயற்சியிலேயே காட்சி கைகூடிற்று. அப்பாலத்தின் அடித்தளங்களைக் காண்பதற்கு இன்றும் பயணிகள் கித்துல்கலையில் இறங்குகின்றனர்.

இப்படத்துக்கு அடிப்படை, பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952இல் வெளியிட்ட நாவலாகும். நாவல் கற்பனையே, எனினும் அதன் பின்னால் நின்ற புகையிரதப் பாதை மெய்யானது. 1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. பர்மாவில் நின்ற தம் படைகளுக்கு உணவும் ஆயுதமும் அனுப்ப, மலாயாவைச் சுற்றிச் செல்லும் கடல்வழி அவர்களுக்குப் பாதுகாப்பானதாக இருக்கவில்லை. ஆகவே சயாமின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயட் வரை, மலையும் அடர்காடும் ஊடறுத்து, 415 கிலோமீற்றர் நீளத்துக்குப் பாதையிட முற்பட்டனர். 1942இன் நடுப்பகுதியில் தொடங்கிய வேலை 1943 ஒக்டோபரில் நிறைவெய்தியது. அந்த வேகத்துக்கு விலையாகக் கொடுக்கப்பட்டவை மனித உயிர்கள்.

படத்துக்கும் வரலாற்றுக்கும் வேறுபாடுகள் பல உண்டு. காஞ்சனபுரிக்கு அருகே பாலப்பணியில் ஈடுபட்ட கைதிகளுக்குத் தலைமை தாங்கிய பிலிப் டூசி என்னும் அதிகாரி, நிக்கல்சனைப் போல் பகைவருக்குத் துணைபோனவரல்லர். தம் வீரரின் உயிர்காக்கப் பாடுபட்டவர். மெய்யான பாலம் நின்றது மேக்லோங் ஆற்றின் மீதாகும். படம் பெற்ற புகழைக் கண்ட பின்னரே, 1960ஆம் ஆண்டளவில், அவ்வாற்றுப் பகுதிக்குக் குவே யாய் என்னும் பெயர் சூட்டப்பட்டது. கதைக்காக ஆறே பெயர் மாறியது விந்தையன்றோ!

இவற்றையெல்லாம் கலையின் உரிமை என்று ஏற்கலாம். ஆனால் இன்னொரு குறை அத்தனை எளிதில் ஏற்கத்தக்கதன்று. அப்பாதையில் உழைத்த நேச நாட்டுப் போர்க் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். அவர்களுள் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைவிடப் பன்மடங்கு பெருந்தொகையான ஆசியத் தொழிலாளர் அங்கு வேலை வாங்கப்பட்டனர். பர்மியர், யாவகர், மலாயர், சீனர் ஆகியோருடன், மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழரும் பல்லாயிரவராக இருந்தனர். இவ்வாறு இறந்த ஆசியத் தொழிலாளரின் தொகை 80,000 முதல் 1,00,000 வரை என மதிப்பிடப்படுகிறது. இப்பெருங்கூட்டத்துக்குக் 'குவாய் நதிப் பால'த்தில் இடமில்லை.

அவர்கள் சென்ற விதம் என்ன? போரினால் இறப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலையும் கூலியும் அருகின. நல்ல சம்பளம், சில மாதத்து வேலை, பின்னர் வீடு திரும்பலாம் என்ற வாக்குறுதியை நம்பிச் சிலர் சென்றனர். சென்றவர் திரும்பாமையால் மற்றவர் தயங்கினர். அப்போது தோட்டந்தோறும் இத்தனை பேர் தரவேண்டுமென்று தொகை விதிக்கப்பட்டது. வழியிலே கண்டவரும் வண்டியில் ஏற்றப்பட்டனர். இலவசப் படக்காட்சி என்று மக்களை அழைத்து, கொட்டகையின் கதவுகளை அடைத்து, உள்ளிருந்த ஆடவரைச் சயாமுக்கு அனுப்பிய நிகழ்ச்சியும் சொல்லப்படுகிறது. படம் பார்க்கச் சென்றவர் மரண ரயிலில் ஏற்றப்பட்டனர். அவர்களின் கதையோ படமாகாமற் போயிற்று.

கைதிகளிடம் படை ஒழுங்கு இருந்தது, அதிகாரிகள் இருந்தனர், மருந்தின்றியும் சிகிச்சை செய்த மருத்துவர் இருந்தனர், இறந்தவரின் பெயரை மறைவாகக் குறித்து வைத்தோரும் இருந்தனர். தோட்டத் தொழிலாளருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. 1943இன் மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது முகாம்கள் முழுவதுமே அழிந்தன. போர் முடிந்தபின், வீரர்களுக்குக் காஞ்சனபுரியிலும் சுங்காயிலும் தான்பியூசாயட்டிலும் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக அமைந்தன. தொழிலாளர் புதைந்த இடங்களைக் காடு மூடிற்று.

மலைநாட்டு மக்களுக்கு இவ்வரலாறு அயலதன்று. தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிமார் திரட்டிய கூட்டத்துள் ஒரு சாரார் மன்னார்க் கரையில் இறங்கித் தேயிலைக்கும், மறு சாரார் பினாங்குக் கரையில் இறங்கி இறப்பருக்கும் வந்தோரே. அதே லயம், அதே பிரட்டு, அதே துரை. 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. ஆயினும் நிலப்படை இலங்கையில் இறங்கவில்லை. அத்தீங்கு இங்கு நேராமையால் மட்டுமே ஹட்டன் தோட்டத்துக் குடும்பம் ஒன்று சயாமுக்குப் போகாமல் தப்பியது எனலாம். களனிக் கரையில் படம் எடுக்கப்பட்ட நாள்களிலும், மேலே மலைகளில் கொழுந்து கொய்தவருள் மிகப் பெரும்பாலோர், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் விளைவாக நாடற்றோராகவே இருந்தனர். உழைப்பவரின் பெயர் ஏட்டில் ஏறாமை அங்கும் இங்கும் ஒன்றாகவே இருந்தது.

இதனால் அப்படத்தைப் பார்த்தல் ஆகாது என்பது பொருளன்று. அதனைத் தனியே பாராமல் வேறு சில படங்களோடு சேர்த்துப் பார்த்தல் நலம். லூயிஸ் மைல்ஸ்டோன் 1930இல் எடுத்த 'மேற்கு முனையில் எல்லாம் அமைதி', ஆசிரியரின் ஆவேசப் பேச்சுக்கு மயங்கிப் போர்க்களம் புகுந்த மாணவரின் கதி எதுவென்று காட்டுகிறது. ஜோன் ரெனுவாரின் 'மாபெரும் மாயை', 1937இல் வந்தது. சிறைமுகாமையே களமாகக் கொண்டு, பகைவரிடையேயும் மனிதத்தன்மை உண்டென உணர்த்துகிறது. கொன் இச்சிகாவா 1956இல் ஆக்கிய 'பர்மிய யாழ்' யப்பானியர் தரும் சான்று. போர் முடிந்தும் தாயகம் திரும்ப மறுத்து, பர்மாவில் சிதறிக் கிடக்கும் சடலங்களை அடக்கஞ் செய்வதற்காகத் துறவியான ஒரு வீரனின் கதை அது.

தோட்டத் தொழிலாளரின் கதையைச் சொல்லும் பொறுப்பைத் தமிழ் எழுத்தாளரே ஏற்றனர். மலேசியாவின் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவலையும், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' என்னும் நாவலையும் படைத்தனர். 2023ஆம் ஆண்டில், மாண்ட தமிழருக்காகக் காஞ்சனபுரியில் நடுகல் ஒன்றும் நாட்டப்பட்டது. களத்தில் வீழ்ந்தவனுக்குக் கல் நடுவது தமிழரின் தொன்மையான வழக்கம். கூலிக்குச் சென்று மடிந்தவருக்கும் அது கிடைக்க எண்பது ஆண்டுகள் கடந்தன.

கித்துல்கல வழியே ஹட்டனுக்கு ஏறும் பயணி ஆற்றங்கரையில் சற்று நிற்கட்டும்; படத்தையும் கண்டு மகிழட்டும். திரையிலே பாலம் நொறுங்கி விழும் அந்தக் கணத்தில், அப்பாதையின் கட்டைகளைத் தோளிற் சுமந்தவர் யார் யார் என்னும் கேள்வியை ஒருமுறை எழுப்பிக்கொள்வாராயின், பார்த்த பயன் நிறைவுறும்.