பெட்ரோல் யார் கணக்கில்? கனடாவின் கிராமத் தபால் பெண்கள்

சட்ட மொழியில் எனக்கு எப்போதும் சந்தேகம் தரும் சொல் ஒன்று உண்டு: ‘கருதப்படும்’. உள்ளது உள்ளபடி இருந்தால் எதையும் கருத வேண்டிய தேவை இல்லை. இருப்பதை இல்லாததாக ஆக்க வேண்டியிருக்கும்போது சட்டம் இந்தச் சொல்லை எடுக்கிறது. 1981இல் நிறைவேறிய கனடா தபால் கழகச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, 5ஆம் உட்பிரிவு அப்படிப்பட்டது. தபால் எடுத்துச் செல்ல ஒப்பந்தம் செய்துகொண்டவர், தொழிலாளர் சட்டத்தின் பொருளில் ஊழியர் அல்லர் என்று கருதப்படுவார் என்கிறது அது. செயப்பாட்டு வினையைக் கண்டால் எழுவாயைத் தேடுங்கள் என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். இங்கே கருதியவர் யார், கருதப்பட்டவர் யார் என்ற கேள்விதான் இந்த வரலாற்றுக்குள் என்னை இழுத்தது.

கனடாவில் கிராமப்புற வீடுகளின் வாசல்வரை தபால் கொண்டுபோகும் முறை 1908இல் தொடங்கியது. நகரத்துத் தபால்காரர் அரசு ஊழியர். கிராமத்துப் பாதைகளோ டெண்டரில் விடப்பட்டன. ஒரு பாதைக்கு யார் குறைந்த தொகை கேட்கிறார்களோ அவர்களுக்கு அந்தப் பாதை. கார் அவர்களுடையது. பெட்ரோல், டயர், பழுது, காப்பீடு எல்லாம் அவர்கள் செலவு. உடம்பு முடியாமல் போனால் மாற்று ஆளை அவர்களே தேடிப்பிடித்துக் கூலி கொடுக்க வேண்டும். தபாலைப் பிரித்து அடுக்குவது, பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்குவது, பனியில் வண்டி ஓட்டுவது என வேலை மட்டும் நகரத்தில் இருந்த அதே தபால் வேலை. காலப்போக்கில் இந்தப் பாதைகளில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்களானார்கள்.

டெண்டர் என்ற ஏற்பாட்டை ஒரு பெண்ணின் வீட்டுக்குள்ளிருந்து பார்க்க வேண்டும். அவளுக்குக் கிடைப்பது ஒரே தொகை. அதில் கூலி எவ்வளவு, காருக்கான செலவு எவ்வளவு என்று எங்கும் எழுதியிருக்காது. பெட்ரோல் விலை ஏறினால் அவள் கூலி இறங்கும். ஆனால் எந்தத் தாளிலும் அது கூலிக் குறைப்பாகப் பதிவாகாது. வண்டி பழுதானால் குடும்பப் பணம் போகும். தபால் அதிகமான நாளில் வீட்டில் இருப்பவர்கள் வந்து கைகொடுத்தால் அது உதவி, உழைப்பு அல்ல. டெண்டர் மறுபடி வரும்போது பாதையைக் காப்பாற்றிக்கொள்ள அவளே தன் கூலியைக் குறைத்து எழுத வேண்டும். பொதுத்துறையின் சேவைக்கு ஒரு வீடு மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது. வீட்டு வேலைக்குக் கணக்கில்லை என்று நாம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறோம். இங்கே வீட்டுக்கு வெளியே, முழுச் சாலையில் நடந்த வேலையும் வீட்டுக் கணக்கில் மறைந்துபோனது.

அதே 1981இன் கோடையில் கனடா தபால் தொழிலாளர் சங்கம் 42 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து, 17 வாரச் சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பை ஒப்பந்தத்தில் வென்றது. கனடாவின் பெண் தொழிலாளர் வரலாற்றில் அது ஒரு திருப்பம். நகரத்தில் தபால் பிரிக்கும் பெண்ணுக்கு அந்த உரிமை வந்தது. அவள் பிரித்த தபாலைக் கிராமத்துக்கு எடுத்துச் சென்றவளுக்கு வரவில்லை. அவள்தான் ஊழியரே அல்லவே.

கிராமத் தபால்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1980களிலேயே சங்கமாகச் சேர்ந்து தொழிலாளர் உறவு வாரியத்தின் முன் போனார்கள். இவர்கள் ஊழியர்கள்தான் என்று வாரியம் சொன்னது. தபால் கழகம் நீதிமன்றம் போனது. 13(5) குறுக்கே நின்றது. வாரியத்தின் முடிவு செல்லாமல் போனது. 1990களில் தபால் தொழிலாளர் சங்கத்தின் துணையோடு மறுபடி திரண்டார்கள். ஆளுக்கொரு கார், ஆளுக்கொரு பாதை, நடுவே பல மைல் தூரம். ஒரே தொழிற்சாலை வாசலில் கூடும் வாய்ப்பு இவர்களுக்கு இல்லை. 1998இல் வட அமெரிக்கத் தடையற்ற வணிக உடன்பாட்டின் தொழிலாளர் துணை உடன்படிக்கையின் கீழ், அமெரிக்காவில் உள்ள அலுவலகத்திடம் புகார் கொடுத்தார்கள். புகாரை விசாரணைக்கு எடுக்கவே அந்த அலுவலகம் மறுத்துவிட்டது.

கதவு திறந்தது பேச்சுவார்த்தை மேசையில். 2003இல் நகரத் தபால் தொழிலாளர்களுக்கான ஒப்பந்தத்தைப் பேசியபோது, கிராமத் தபால்காரர்களை ஊழியர்களாக ஏற்க வேண்டும் என்பதைச் சங்கம் தன் கோரிக்கையாக வைத்தது. அப்போது சங்கத்தின் தேசியத் தலைவர் டெபோரா பூர்க் என்ற பெண். 2004 ஜனவரி 1 அன்று சுமார் 6,000 கிராம, புறநகர்த் தபால்காரர்கள் தபால் கழகத்தின் ஊழியர்களானார்கள். இதற்காகச் சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கழகம் அவர்களை ஊழியர்களாக வேலைக்கு எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டதால், 13(5) சொல்லும் ‘ஒப்பந்ததாரர்’ என்ற ஆளே அந்தப் பாதைகளில் இல்லாமல் போனார்.

முதல் ஒப்பந்தத்தில் என் கண்ணில் முதலில் பட்டது, சம்பளமும் வாகனச் செலவும் தனித்தனியாக எழுதப்பட்டதுதான். உழைப்புக்கு ஒரு தொகை; சொந்தக் காரை ஓட்டும் தூரத்துக்கு வேறொரு தொகை. பயணப்படி என்பதைச் சம்பளத்தின் ஓரத்தில் ஒட்டிய சில்லறையாக நினைத்துப் பழகிவிட்டோம். இந்தப் பெண்களுக்கு அது பிரிக்கப்பட்ட பிறகுதான் தங்கள் கூலி எவ்வளவு என்றே தெரிந்தது. தெரிந்த பிறகுதான், நகரத்துத் தபால்காரருக்கு எவ்வளவு என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

ஊழியர் என்ற பெயர் உடம்புக்கும் பாதுகாப்புத் தந்தது. கனடாவில் காரின் ஸ்டியரிங் இடப்பக்கம். தபால் பெட்டியோ சாலையின் வலது ஓரத்தில். வண்டிக்குள் குறுக்கே எட்டி எட்டிப் பெட்டியில் போட வேண்டும். தோளும் முதுகும் போகும். வேகமாக வாகனங்கள் போகும் சாலையோரத்தில் நிறுத்துவதே ஆபத்து. ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை ஊழியருக்கு உண்டு, ஒப்பந்ததாரருக்குக் கிடையாது. 2004க்குப் பிறகு அந்த உரிமையை அவர்கள் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

அந்த ஒப்பந்தத்தில் எல்லாம் கிடைத்துவிடவில்லை. அது 8 ஆண்டுக்கானது. சம்பளம் மணிக்கணக்கில் இல்லை. பாதைக்கு இத்தனை என்று மதிப்பிட்டே கொடுக்கப்பட்டது. மதிப்பிட்ட நேரத்துக்கு மேல் வேலை நீண்டால் நஷ்டம் அவளுடையதுதான். விடுப்பும் மற்ற சலுகைகளும் தவணை தவணையாகவே வந்தன.

இதைப் படிக்கும்போது என் தொழிலின் சொற்கள் நினைவுக்கு வராமல் இல்லை. நிரந்தரப் பணிக்கு முன் நான் சில ஆண்டுகள் ‘கௌரவ விரிவுரையாளர்’. கௌரவம் பெயரில் இருந்தது. கையில் வந்தது தொகுப்பூதியம். இரண்டு பஸ் மாறிப் போகும் செலவு அந்தத் தொகுப்புக்குள் எங்கோ கரைந்திருந்தது. எங்களில் ஒருவர்கூட அதைத் தனியாகக் கூட்டிப் பார்த்ததில்லை. ‘தொகுப்பு’ என்ற சொல்லுக்கு டெண்டர் செய்யும் வேலையைச் செய்யத் தெரியும்.

இந்த வரலாற்றின் அடுத்த கட்டம் 2016இல் தொடங்கியது. கிராமத் தபால்காரர்களில் பெரும்பாலோர் பெண்கள், நகரத்துத் தபால்காரர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இருவர் வேலையின் மதிப்பும் ஒன்றா என்று ஆராயும் ஏற்பாட்டை அந்த ஆண்டு பேச்சுவார்த்தையில் சங்கம் பெற்றது. கனடாவின் மனித உரிமைச் சட்டம் இதற்கு நான்கு அளவுகோல்களைச் சொல்கிறது: திறன், முயற்சி, பொறுப்பு, பணிச்சூழல். இரு தரப்பும் உடன்படாதபோது விஷயம் நடுவர் மோரீன் ஃப்ளினிடம் போனது. 2018 மே மாதம் அவர் கிராமத் தபால்காரர்களுக்குக் குறைவாகச் சம்பளம் தரப்படுகிறது என்று தீர்ப்பளித்தார். செப்டம்பரில் வந்த இறுதித் தீர்ப்பு 2016 ஜனவரி 1 முதல் நிலுவையோடு சம்பளத்தை உயர்த்தியது. உயர்வு 25 விழுக்காடு வரை.

இதே தபால் கழகத்தில் எழுத்தர் வேலை பார்த்த பெண்களுக்காக, பொதுச் சேவைக் கூட்டணி என்ற வேறொரு சங்கம் 1983இல் சம மதிப்புக்குச் சம ஊதியம் கேட்டுப் புகார் கொடுத்திருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் வென்றது 2011இல். 28 ஆண்டுகள். சட்டம் மட்டும் கையில் இருந்தவர்கள் காத்திருந்த காலம் அது. அதே சட்டத்தை ஒப்பந்தத்தின் வழியாகவும் காலக்கெடுவோடும் எடுத்துச் சென்றவர்களுக்கு மூன்று ஆண்டுக்கும் குறைவான காலமே போதுமாக இருந்தது. கிராமத் தபால்காரர்கள் அதற்கு முன் இருபது ஆண்டுகளாகத் திரண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

தொழிற்சங்க வரலாறு என்றால் நமக்கு வேலைநிறுத்தமும் கொடியும் ஊர்வலமும் நினைவுக்கு வரும். ஒப்பந்தத்தின் உட்பிரிவுகளை யாரும் வரலாறாகப் படிப்பதில்லை. பெண்களின் உழைப்பு எங்கே மறைக்கப்பட்டது, எப்போது வெளியே எடுக்கப்பட்டது என்பதற்கான சான்று பல நேரம் அங்கேதான் கிடக்கிறது. பணி நியமனக் கடிதம் கைக்கு வந்தால் சம்பளத் தொகையை மட்டும் பார்க்காமல், வேலைக்குப் போகும் வழிக்கும் வேலைக்காக அலையும் வழிக்கும் யார் பணம் கொடுக்கிறார்கள் என்ற வரியையும் தேடிப் பாருங்கள். அந்த வரி இல்லையென்றால், கொடுப்பவர் நீங்கள்தான்.