கடை

சதுரங்கப்பட்டினத்து ஒல்லாந்தர் கோட்டைக்குள் அவர்கள் விட்டுச்சென்ற பண்டகசாலைகளையும் கல்லறைகளையும் கண்டு திரும்பி, வெளியே ஒரு பெட்டிக்கடையில் பன்னீர் சோடா பருகி நின்றபோது, பரதேசவாசிக்கு முதன்முதல் ஆறுதல் தருவது ஒரு கடையே என்ற எண்ணமும், அச்சொல்லின் வரலாறு பற்றிய சிந்தனையும் ஒருங்கே எழுந்தன.

கடை என்பதற்கு முடிவு, எல்லை, வாயில் எனப் பொருள்கள் பல. கடைக்குட்டியில் முடிவும், புறங்கடையில் வாயிலும் விளங்கும். இல்லத்தின் வாயிலிலே சரக்கைப் பரப்பி விற்ற வழக்கத்தினின்று வாணிக ஸ்தலத்துக்கு இப்பெயர் வந்திருத்தல் கூடும் என்பது என் அபிப்பிராயம். கடைகள் கூடுமிடம் அங்காடி; அதிலும் பகற்சந்தையை நாளங்காடி என்றும் இரவுச்சந்தையை அல்லங்காடி என்றும் வேறுபடுத்திக் காட்டுகிறது மதுரைக்காஞ்சி.

நம் கடை சிங்களத்தில் 'கடே' ஆயிற்று. கடல் கடந்து மலாய் மொழியில் 'கெடாய்' ஆயிற்று. ஜப்பானியரோ 'கன்வீனியன்ஸ் ஸ்டோர்' என்னும் ஆங்கிலப் பெயரைக் குறுக்கிக் 'கொன்பினி' என்றனர். 1974இல் டோக்கியோவின் டொயோசுவில் செவன்-இலெவன் திறந்த நாள் முதல் பெருகிய இக்கடைகளில், பாஷை அறியாத அந்நியனும் நள்ளிரவில் தயக்கமின்றி நுழைந்து, சோற்றுருண்டை வாங்கி, மின்கட்டணமும் செலுத்தி மீளலாம். நாளங்காடியும் அல்லங்காடியும் ஒரே கூரையின்கீழ் அமைந்த விந்தை அது! ஆயினும், சில்லறை இல்லையென்றால் "நாளைக்குக் கொடுங்க" என்று சொல்லும் சௌகரியம் சதுரங்கப்பட்டினத்துப் பெட்டிக்கடையில்தான் உண்டு.