வளாக வானொலியும் பொருநைக்கரைப் பாட்டும்

அரபு இலக்கியத்தில் ‘கிதாபுல் அகானீ’ என்றொரு பெருநூல் உண்டு. ‘பாடல்களின் நூல்’ என்பது அதன் பொருள். கி.பி. 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அபுல் ஃபரஜ் அல் இஸ்பஹானீ அதனைத் தொகுத்தார். கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 100 பாடல்களிலிருந்து தொடங்கி, பாட்டை இயற்றியவர் யார், இசையமைத்தவர் யார், எந்த அவையில் அது பாடப்பெற்றது என்றெல்லாம் விரிவாக எழுதி வைத்தார். ‘ஊத்’ என்னும் நரம்புக் கருவியின் எந்த நரம்பில், எந்த விரல் கொண்டு அந்தப் பண் பிறந்தது என்பதையும் குறித்தார். இத்தனை செய்தும் பயன் பாதியே விளைந்தது. அப்பாடல்களின் சொற்கள் இன்றும் நம் கையில் உள்ளன. அவற்றைப் பாடிய மெட்டுகளை மீட்க இயலவில்லை. சொல் ஏட்டில் தங்கும். மெட்டு செவியில்தான் தங்கும். ஒரு செவியிலிருந்து மறு செவிக்குச் செல்லும் வழி அறுந்தால் எத்துணைப் பெரிய நூலும் அதனைக் காக்க மாட்டாது.

பக்தாதுக்கு நேர்ந்த இந்த இழப்பு நமக்கும் நேர்ந்துகொண்டிருக்கிறது. தமிழ் முஸ்லிம்களின் பழைய அச்சுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்போர் இதனை அறிவர். கீர்த்தனைகளும் கும்மிகளும் முனாஜாத்துகளும் ஏராளமாக அச்சேறியுள்ளன. பாட்டின் தலைப்பில் இராகம் இன்னது, தாளம் இன்னது என்று ஒரு வரி இருக்கும்; சிலவற்றில் ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்றிருக்கும். அந்த ‘இன்ன பாட்டு’ எப்படி ஒலித்தது என்று கேட்டால் விடை சொல்லப் பெரும்பாலும் ஆளில்லை. காயல்பட்டணத்து வரகவி காசிம் புலவர், அருணகிரிநாதரின் சந்தத்தைப் பின்பற்றி நாயகம் (ஸல்) அவர்கள்மீது திருப்புகழ் பாடினார். சந்தம் எழுத்திலேயே இருப்பதால் அதன் நடை பிழைத்தது. ஆனால் அவர் காலத்தில் அதனைப் பாடிய குரலின் ஏற்ற இறக்கம் பிழைத்திருக்கிறது என்று யார் உறுதி கூற இயலும்?

மாறாக, தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கியுள்ள பீர்முகம்மது அப்பா (ரஹ்) அவர்களின் ஞானப்புகழ்ச்சியை நோக்குக. அவர்களின் நினைவு நாளில் ஆண்டுதோறும் தக்கலையில் மக்கள் திரண்டு இரவு முழுதும் அதனைப் பாடுகின்றனர். பாடுவோர் மாறினாலும் பாட்டு மாறவில்லை. முதியவரின் அருகே சிறுவன் அமர்ந்திருக்கிறான். கூடிக் கேட்கும் இடம் ஒன்று இருந்தால் மெட்டு வாழும் என்பதற்கு இதுவே சான்று.

பொருநை என்று புலவர் போற்றும் தாமிரபரணியின் கரையில் அத்தகைய இடங்கள் பல இருந்தன. மலையடிவாரத்துப் பாபநாசத்தோடு தொடர்புடைய முத்துப்பட்டன் கதை, குடமும் உடுக்கையும் துணை நிற்க, வில்லுப்பாட்டாய்க் கோயில் கொடைகளில் ஒலித்தது. சேரன்மகாதேவிக்கு அண்மையிலுள்ள காருகுறிச்சி, அருணாசலத்தை (1921–1964) நாகசுர உலகுக்குத் தந்தது. 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தால் அவருடைய வாசிப்பு கடைக்கோடிச் சிற்றூர் வரை சென்றது. தஞ்சையில் புகழ்பெற்ற கிறித்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் 1774இல் பிறந்தது நெல்லையிலேயே. மேலப்பாளையத்துத் தெருக்களிலோ, ரமலான் இரவில் ஸஹர் நேரத்துக்கு மக்களை எழுப்பும் பக்கீரின் தாயிரா ஒலித்தது. ஆறு கடலைச் சேரும் பகுதியை அடுத்த காயல்பட்டணத்தில் மவ்லிது மஜ்லிஸ்களின் பைத்துகள் ஒலித்தன. ஒரே ஆற்றின் நீரைக் குடித்த இத்தனை மரபினரும் ஒருவர் பாட்டை மற்றவர் காதால் கேட்டே வாழ்ந்தனர்.

இச்சூழலில் வானொலி வந்தது. தமிழகத்தில் அதன் பிறப்பு அரசால் நேர்ந்ததன்று. 1924இல் சென்னையில் ஆர்வலர் சிலர் கூடி அமைத்த வானொலிக் கழகமே முதலில் ஒலிபரப்பியது. பொருள் வசதியின்றி அது 1927இல் நின்றுபோக, 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும், திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கின. சிறு கழகத்தின் கையிலிருந்த கருவி பேரரசின் கைக்குச் சென்றபோது, எது பாட்டு, எது பாட்டன்று என்று தீர்மானிக்கும் அதிகாரமும் உடன் சென்றது.

அவ்வதிகாரம் செய்ததற்கு ஒரு சான்று போதும். 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது. நம் இசையின் நுண்ணிய சுரங்களை அக்கருவி தாராது என்பது கூறப்பட்ட காரணம். அக்காரணத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் நாடக மேடையிலும் பஜனையிலும் தெருமுனைப் பாட்டிலும் எளியவர் கையில் இருந்தது அந்தப் பெட்டிதான். தடை 1971 வரை நீடித்தது. 1952 முதல் பத்தாண்டு செய்தி ஒலிபரப்பு அமைச்சராயிருந்த பி.வி. கேஸ்கர், கலைஞர்களைத் தேர்வுக் குழுவின் முன் பாடச் செய்து தரம் பிரிக்கும் முறையை வலுப்படுத்தினார், திரைப்பாடல்களுக்கும் கடிவாளமிட்டார். விளைவு என்ன? நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். மன்னார் வளைகுடாவின் இக்கரையில் வாழ்ந்த நமக்குக் கொழும்பு தொலைவன்று. அதன் முஸ்லிம் சேவையில் நம் பாட்டுகளையும் நம் வீட்டார் கேட்டனர். போட்டியைச் சமாளிக்க 1957 அக்டோபர் 3இல் விவித பாரதி தொடங்கப்பெற்றது.

1963 டிசம்பர் 1இல் திருநெல்வேலி வானொலி நிலையம் பிறந்தது. அது இம்மண்ணுக்குச் செய்த தொண்டை மறப்பது நன்றி கொன்றதாகும். வில்லுப்பாட்டு அலைவரிசை ஏறியது. உழவனின் பேச்சு ஏறியது. விடியற்காலைப் பக்திப் பாடல்களில் மூன்று சமயத்தார் பாட்டும் அடுத்தடுத்து வந்தன. நாகூர் ஈ.எம். ஹனீபாவின் கம்பீரக் குரலை வானொலி வழியே தம் வீட்டுக் குரலாகக் கொண்ட பிற சமயத்தார் பலர். இருப்பினும் ஒரு பெருநிலையத்துக்குரிய எல்லையும் அதற்கு இருந்தது. பல மாவட்டங்களுக்குப் பொதுவாகப் பேச வேண்டிய நிலையம், ஒரு தெருவின் பாட்டுக்கு அரைமணி நேரம் ஒதுக்குவது அரிது. தேர்வுக் குழுவின் முன் வந்து நின்று விண்ணப்பம் நிரப்பிப் பாடும் வழக்கம் ஸஹர் பக்கீருக்கு இல்லை. ஒப்பாரி பாடும் மூதாட்டிக்கும் இல்லை.

பின்னர் வந்தது வணிகம். 2000ஆம் ஆண்டு அரசு தனியாருக்குப் பண்பலை உரிமங்களை ஏலம் விட்டபோது, அந்நகரங்களின் வரிசையில் திருநெல்வேலியும் இடம்பெற்றது. ஏலத்தொகையை விளம்பரத்தால் ஈட்ட வேண்டிய நிலையம், எல்லாரும் முன்பே அறிந்த பாட்டையே நாடும். புதிய திரைப்பாடல் நாள் முழுதும் ஒலித்தது. அதனைக் குறை கூறிப் பயனில்லை. அத்தொழிலின் கணக்கு அது. ஆனால் அரசின் தரக்கோலுக்கும் அங்காடியின் விலைக்கோலுக்கும் இடையே, ஊர்ப்பாட்டு நிற்க இடமின்றித் தவித்தது.

அந்த இடத்தை ஆக்கித் தந்ததே வளாக வானொலி. அதற்கு வித்திட்டது ஒரு தீர்ப்பு. 1995 பிப்ரவரி 9இல் இந்திய உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்கள் தம் வளாகத்தில் சிறு வானொலி நிலையம் அமைக்க அரசு கொள்கையளவில் இசைந்தது. அதன்படி 2004 பிப்ரவரி 1இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் ‘அண்ணா எஃப்.எம்.’ தொடங்கியது. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி அதுவே என்பது தமிழகத்துக்குப் பெருமை. அதற்கு அடிகோலிய பேராசிரியர் ஆர். ஸ்ரீதர், பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்துள்ள எளிய குடியிருப்புகளின் பெண்களையே நிகழ்ச்சி தயாரிப்போராக ஆக்க முனைந்தார். 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் இவ்வுரிமை விரிந்தது. 2016இல் பாம்பனில் மீனவர்க்கென்றே ‘கடல் ஓசை’ எழுந்தது.

2006இன் விதிகள் கவனிக்கத்தக்கவை. ஒலிபரப்பியின் ஆற்றல் 100 வாட். கோபுரத்தின் உயரம் 30 மீட்டருக்கு மேற்படாமல் இருத்தல் வேண்டும். ஒலி எட்டும் தொலைவு 5 முதல் 10 கிலோமீட்டர். நிகழ்ச்சிகளில் பாதியேனும் அவ்வூரிலேயே தயாரிக்கப்படல் வேண்டும். பெருநிலையத்தார் இவற்றைக் குறையென்பர். பாட்டின் பக்கம் நின்று நோக்கினால் இவையே பலம். பத்து கிலோமீட்டருக்குள் ஒலிக்கும் நிலையம் அந்தப் பத்து கிலோமீட்டரைத்தான் தேடிப் பாட முடியும்.

இது வெறும் ஆசையன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர் 1972இல் வெறும் 10 வாட் ஆற்றலில் ‘கே.சி.எம்.யு.’ என்ற நிலையத்தைத் தொடங்கினர். பெரிய நிலையங்கள் ஏற்காத உள்ளூர்க் குழுவினரின் பாட்டை அது ஏற்றது. பின்னாளில் உலகறிந்த ‘நிர்வாணா’ குழுவின் முதல் இசைத்தட்டு 1988இல் வெளிவந்தபோது, அதற்கு இடமளித்த நிலையம் அது. 2001இல் ‘கே.இ.எக்ஸ்.பி.’ என்று பெயர் மாறி இன்றும் அது வாழ்கிறது. அவர்களின் இசை நம் செவிக்கு உகந்ததா என்பது வேறு. ஒரு கல்லூரி அறையிலிருந்த சிறு கருவி, ஒரு நகரத்துப் பாடகர்களுக்கு ஒருவரையொருவர் அறிமுகம் செய்து வைத்தது என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

நம் பொருநைக்கரையில் இதற்குக் குறையென்ன? பாளையங்கோட்டையைக் கல்விநகர் என்பர். தூய யோவான் கல்லூரி, 1923இல் தோன்றிய தூய சவேரியார் கல்லூரி, காயல்பட்டணத்து மேதை ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களின் பெயர் தாங்கி 1971இல் தோன்றிய கல்லூரி என்று அடுத்தடுத்து நிற்கின்றன. பாளையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் மேலப்பாளையமும் வண்ணார்பேட்டையும் நெல்லை நகரமும் அடங்கிவிடும். செல்வமும் இருக்கிறது. இவ்வூரிலிருந்து பணியாற்றிய நா. வானமாமலை (1917–1980) நாட்டுப்பாடல்களையும் கதைப்பாடல்களையும் திரட்டி அச்சில் ஏற்றினார். தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையம் ஒருபடி மேலே சென்று குரல்களையே ஒலிநாடாவில் திரட்டியது. ஆனால் பேழையில் உறங்கும் ஒலிநாடாவும் ஒருவகையில் ‘கிதாபுல் அகானீ’தான். ஆராய்ச்சியாளர் அதனைத் திறப்பார். பேரன் அதனைக் கேட்க மாட்டான். வளாக வானொலியே அப்பேழைக்கு வாய்.

இரு ஐயங்களுக்கு விடை கூற வேண்டும். பாட்டை வளர்ப்பது மார்க்கத்துக்கு ஏற்றதா என்று நம்மவர் சிலர் வினவலாம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘இஹ்யா’வில் ஸமாஃ பற்றித் தனிப்பகுதியே வகுத்தார்கள். பாட்டை ஒட்டுமொத்தமாக ஏற்கவுமில்லை, தள்ளவுமில்லை. பாடுவோர், கருவி, பொருள், கேட்போரின் நிலை என்று பிரித்துப் பிரித்து நோக்கினார்கள். அந்த நிதானம் நமக்கும் ஆகும். நல்லதைத் தெரிந்தெடுத்து ஒலிபரப்பும் பொறுப்பு நம் கையில் இருப்பதே, அங்காடியின் கையில் விடுவதினும் நன்று.

கைப்பேசியில் எல்லாப் பாட்டும் கிடைக்கும்போது வானொலி எதற்கு என்பது மற்றோர் ஐயம். கைப்பேசியில் நாம் தேடியது கிடைக்கும். பெயரே அறியாத பாட்டை யார் தேடுவார்? கடையில் அமர்ந்திருப்பவர், அடுப்படியில் நிற்பவர், பீடி சுற்றுபவர் ஆகியோரின் காதில் அடுத்த தெருவின் பாட்டைத் தேடாமலே கொண்டுவந்து சேர்ப்பது வானொலி. சுடலைமாடன் கதையைத் தக்கலைக்குச் செல்லும் முஸ்லிமும், தாயிரா ஒலியைத் தேவாலயப் பாடகரும் கேட்க நேர்வது அங்கேதான்.

செய்ய வேண்டியது பெரிதன்று. மாணவர் ஒலிப்பதிவுக் கருவியோடு தத்தம் வீட்டு முதியவரிடம் செல்லட்டும். பாடியவர் பெயரும் ஊரும், யாரிடம் கற்றார் என்பதும் பாட்டோடு சேர்த்துச் சொல்லப்படட்டும். அவர் இசைவின்றி ஒலிபரப்பலாகாது. இயன்ற சன்மானமும் தருதல் வேண்டும். இஸ்பஹானீ பெயர்களைக் காத்தார், குரலைக் காக்க அவரிடம் கருவி இல்லை. நம்மிடம் கருவி இருக்கிறது. பாட்டறிந்த முதியவர்களோ ஆண்டுதோறும் குறைந்துவருகிறார்கள்.