பாணனும் புரவலனும் ஒருவனே: இரு மெட்டல் இசைக்குழுக்களின் ஆண்டுக்கணக்கு

ஐதராபாத்தின் இசை வரலாற்றை எழுதப் புகுவோர் கவ்வாலியையும் கஜலையும் தெலுங்குத் திரையிசையையும் தவறாமல் பேசுவர். அந்நகரத்துக் ‘காட்லெஸ்’ என்னும் மெட்டல் இசைக்குழுவைக் குறிப்பிடுவோர் அரிது. அக்குழு 2016இலும் 2018இலும் ஒவ்வொரு குறுந்தொகுப்பை வெளியிட்டது. ‘ஸ்டேட்ஸ் ஆஃப் கேயாஸ்’ என்னும் முழுநீளத் தொகுப்பு 2021இல்தான் வந்தது. முதல் குறுந்தொகுப்புக்கும் முழுத்தொகுப்புக்கும் இடையே 5 ஆண்டுகள். இந்த இடைவெளியை ஒரு வரலாற்றுச் சான்றாக வாசிக்க முடியுமா என்பதே இப்பதிவின் வினா.

5 ஆண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு விடை கூற இயலாது. நெடுங்காலம் இயங்கிவரும் ஒரு குழுவோடு ஒப்பிட வேண்டும். அதற்குப் பொருத்தமானது பெங்களூரின் ‘கிரிப்டோஸ்’. நோலன் லூயிஸ், கணேஷ் கிருஷ்ணசுவாமி ஆகியோர் 1998இல் தொடங்கிய அக்குழு இன்றும் இயங்குகிறது.

முதலில் இசையைப் பற்றிச் சில சொற்கள். மெட்டல் என்றதும் இரைச்சல் என்று ஒதுக்குவோர் உண்டு. கிரிப்டோஸின் அடித்தளமோ மெட்டு. இரு கிட்டார்கள் ஒரே மெட்டைச் சிறிது சுர இடைவெளி விட்டு இணையாக வாசித்துச் செல்லும்; ஒன்று சட்ஜத்தில் நின்றால் மற்றொன்று காந்தாரத்தில் நிற்பது போல. ஜூடாஸ் பிரீஸ்ட், அயர்ன் மெய்டன் முதலிய பிரிட்டன் குழுக்கள் 1970களிலும் 1980களிலும் வளர்த்தெடுத்த முறை இது. 1990களில் சுவீடனின் கோத்தன்பர்க் நகரத்துக் குழுக்கள் இத்தகைய மெட்டுகளின்மேல் கரகரத்த அடித்தொண்டைக் குரலை ஏற்றின. கிரிப்டோஸிலும் மெட்டைச் சுமப்பவை கிட்டார்கள். குரல் கடுமையைச் சுமக்கிறது. மெட்டைப் பாடகரின் குரலில் தேடிப் பழகிய நம் செவி இங்கே தடுமாறுவது இயல்பே.

இவ்விசை இங்கு வேரூன்றிய சூழலும் கவனத்துக்குரியது. 1991க்குப் பின் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வீடுகளுக்குள் வந்தது. கேசட்டுகள் படியெடுக்கப்பட்டுக் கைமாறின. 1993இல் அலகாபாத்தில் தொடங்கப்பட்ட ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ இதழ் சிதறிக் கிடந்த குழுக்களுக்கு ஒன்றையொன்று அறிமுகம் செய்தது. மேடை என்று கிடைத்தவை பெரும்பாலும் கல்லூரி விழாப் போட்டிகளே. அங்கே அவையோர் கேட்டவை ஏற்கெனவே அறிந்த வெளிநாட்டுப் பாடல்கள். சொந்தப் பாடலோடு மேடையேறுவது துணிச்சலாகக் கருதப்பட்டது. 2007 மார்ச் 17 அன்று பெங்களூர் அரண்மனைத் திடலில் அயர்ன் மெய்டன் நிகழ்ச்சி நடந்தது. 2009இல் சென்னை ஐஐடியின் ‘சாரங்’ விழாவில் சுவீடனின் ‘ஓபெத்’ வாசித்தது. இவ்விசைக்கு இங்கே பெருந்திரளான அவை உண்டு என்பதை இத்தகைய நிகழ்ச்சிகள் வெளிப்படுத்தின. ஆனால் வெளிநாட்டுக் குழுவுக்குத் திரளும் அவை உள்ளூர்க் குழுவுக்குச் சோறு போடுவதில்லை.

இனி ஆண்டுக்கணக்குக்கு வருவோம். 1998இல் தொடங்கிய கிரிப்டோஸின் முதல் தொகுப்பான ‘ஸ்பைரல் அசென்ட்’ 2004இல் வந்தது, ஆறாண்டுக் காத்திருப்பு. அடுத்த தொகுப்புகள் 2008, 2012, 2016 என நான்காண்டு இடைவெளியில் வந்தன. அதன்பின் 2019, 2021, 2024 என இடைவெளி குறைகிறது. 2016இல் வந்த ‘பர்ன் அப் த நைட்’ ஜெர்மானிய நிறுவனமான ஏஎஃப்எம் ரெக்கார்ட்ஸ் வழியாக வெளியானது என்பதை இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். அதற்கு முன்பே, 2013இல், வடஜெர்மனியின் வாக்கன் என்னும் சிற்றூரில் ஆண்டுதோறும் நடக்கும் மெட்டல் விழாவில் கிரிப்டோஸ் வாசித்திருந்தது. குழு தோன்றியதிலிருந்து அம்மேடையை எட்ட 15 ஆண்டுகள்.

கற்பனை வற்றியதால் இந்த இடைவெளிகள் நேர்ந்தன என்று நான் கருதவில்லை. இந்திய மெட்டல் குழுக்களில் இசையை மட்டுமே நம்பி வாழ்வோர் மிகச் சிலர். பகலில் அலுவலகம், மாலையிலும் வார இறுதியிலும் மணிக்கணக்கில் வாடகை செலுத்தி ஒத்திகை. ஒலிப்பதிவுக்குச் சேமிப்பு கரைகிறது. வெளிநாட்டுப் பயணத்துக்கு விசா, விமானக் கட்டணம் ஆகியவற்றோடு அலுவலக விடுப்பும் வாய்க்க வேண்டும். ஒருவர் பணிமாறுதல் பெற்று ஊர் மாறினால் குழுவே நின்றுபோகலாம். வெளிநாட்டு நிறுவனத்தின் துணை அமைந்ததும் இடைவெளி குறைவது தற்செயலன்று என்பதே என் வாசிப்பு.

ஆற்றுப்படை இலக்கியத்தில் பாணன் புரவலனைத் தேடி நடக்கிறான். பரிசில் பெற்று மீள்பவன் எதிர்ப்படும் வறியவனுக்கு வழி சொல்கிறான். பின்வந்த நூற்றாண்டுகளில் கோயில், அரண்மனை, சபா, திரைப்பட நிறுவனம் என இசைக்குப் புரவலர் மாறினர், இல்லாமற்போகவில்லை. இந்த மெட்டல் கலைஞருக்கோ அவரது மாதச் சம்பளமே புரவலர். பாணனும் புரவலனும் ஒரே ஆளாக இருக்கும் இந்நிலையை நம் இசை வரலாற்றியல் இன்னும் ஒரு வகைமையாக ஏற்கவில்லை. ‘மேலைநாட்டுப் போலி’ என்ற ஒற்றைச் சொல்லோடு கடந்துவிடுகிறோம். போலி என்ற தீர்ப்பு இசையின் மூலத்தை மட்டும் பார்க்கிறது. அதை இங்கே 25 ஆண்டுகளுக்கு மேலாக நிலைநிறுத்திய உழைப்பைப் பார்ப்பதில்லை.

காட்லெஸின் 5 ஆண்டுகளையும் இவ்வாறே வாசிக்கலாம். கிரிப்டோஸைப் போல நிலைத்து நிற்பவை சில குழுக்களே. கல்லூரி விழாவோடு கலைந்தவை பல. அவற்றின் தடம் எந்த நூலகத்திலும் இல்லை. நுழைவுச் சீட்டுகளிலும் சுவரொட்டிகளிலும் பழைய கேசட்டுகளிலும் எவருடைய அலமாரியிலோ கிடக்கிறது. இசை வரலாற்றில் ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்கள் அந்த அலமாரிகளிலிருந்து தொடங்கலாம். வாசித்தவர்கள் நடுவயதை எட்டிவிட்டனர். அவர்களுடைய நினைவு தெளிவாக இருக்கும்போதே கேட்டுப் பதிவு செய்வது நலம்.